நிழல் பேசாமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள்!

தோழர்களே! பறை எடுப்பவர்களே, தவில் சுமப்பவர்களே, நாகசுரம் ஊதுபவர்களே, உருமி, பம்பை, பேண்டு செட்டுக்காரர்களே, கரகம் ஏந்தும் சகோதரிகளே!

மாசி பிறக்கப் போகிறது. கோட்டை மாரியம்மன் கோயிலிலும் நத்தம் மாரியம்மன் கோயிலிலும் கொடி ஏறிவிட்டால் அதற்குப் பிறகு நமக்கு நின்று பேச நேரமிருக்காது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடிகள் பழனிக்குப் புறப்படும். சித்திரையில் ஊருக்கு ஊர் முளைப்பாரி, பால்குடம், தீச்சட்டி. வைகாசியில் கல்யாணச் சீர், காதுகுத்து. வருஷம் முழுவதற்குமான அரிசியையும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸையும் இந்த நான்கு மாதத்தில்தான் நாம் சம்பாதிக்கிறோம். வெயில் ஆளைச் சுருட்டுவதும் இதே மாதங்களில்தான். புக்கிங் ஃபோன்கள் வரத் தொடங்கிவிட்டன. அட்வான்ஸ் கை மாறுவதற்குள் நாம் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

அந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்குனி முதல் தேதியிலிருந்து ஆனி முடியும்வரை, காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், திறந்த வெயிலில் ஊர்வலம் அடிப்பதில்லை. ஒரு செட்டு மட்டுமல்ல, திண்டுக்கல் வட்டாரத்தில் எந்தச் செட்டும் அடிப்பதில்லை.

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே கிடக்கிற வறண்ட சமவெளி நம்முடையது. மேகம் மலையோடு நின்றுவிடும், அனல் மட்டும் கீழே இறங்கும். நான்கு வழிச்சாலை வந்தபோது சாலையோரப் புளியமரங்கள் போயின. மண் தெருக்கள் தார் ரோடும் சிமென்ட் ரோடுமாயின. நம் தாத்தாக்கள் அடித்ததும் இதே சித்திரைதான் என்று சொல்கிறார்கள். அவர்கள் மரத்தடியில் நின்று மண்ணை மிதித்து அடித்தார்கள். நாம் தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல், காலுக்குக் கீழே கொதிக்கிற தாரில், சுற்றிலும் காற்றை மறைக்கிற கூட்டத்துக்கு நடுவில் அடிக்கிறோம். 2024 மே தொடக்கத்தில் பக்கத்துக் கரூர் பரமத்தியில் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி நின்றது நினைவிருக்கிறதா? அந்த நாட்களிலும் முகூர்த்தம் இருந்தது, ஊர்வலம் இருந்தது, நாமும் தெருவில் இருந்தோம்.

அடித்துக்கொண்டே ஆடுபவன் உடம்பு தானே ஒரு உலை. வெளியே வெயில், உள்ளே உழைப்பின் சூடு. வியர்வை காய்ந்தால்தான் அந்தச் சூடு வெளியேறும். பாலியெஸ்டர் சட்டையும் பேண்டு கோட்டும் அதற்கு வழிவிடுவதில்லை. தவில்காரரின் வலது கையைப் பாருங்கள். துணியும் பசையும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்த கூடு, வியர்வை இறங்க இறங்க ஊறி நெகிழ்கிறது, உள்ளே விரல் கொப்புளிக்கிறது. ஈரம் வற்றிய உதட்டில் சீவாளி ஒட்டிக்கொள்ள, நாகசுரக்காரர் ஊத ஊதச் சுரம் பிசிறுகிறது. ராத்திரியில் பறையை வைக்கோல் தீயில் காட்டி விறைப்பேற்றுகிறோம். உச்சிவெயிலில் தீயே தேவையில்லை, தோல் தானாக இறுகித் தெறிக்கப் பார்க்கும். அதனால் இடைவேளையில் பறைக்குத் துண்டு போர்த்தி, நிழல் தேடிச் சாய்த்து வைக்கிறோம். பறைக்குத் தருகிற அந்த நிழலை நமக்கு நாமே தருவதில்லை.

போன சித்திரையில் நம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் முளைப்பாரி ஊர்வலம். மத்தியானம் ஒரு மணி. சின்ன வயதிலிருந்து பறை பிடித்த தம்பி ஒருவனுக்கு அடி தப்பியது. சிண்டுகுச்சி கையிலிருந்து நழுவியது, பேச்சு குழறியது, நிற்கிற ஊரின் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. “குடிச்சுட்டு வந்துட்டான்யா” என்றார் ஒரு பெரியவர். அந்தப் பையன் குடிப்பவனே இல்லை. கூட இருந்தவர்கள் தூக்கிப் போய்க் கோயில் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றியதால் பிழைத்தான். குடிகாரன் என்று ஓரமாகக் கிடத்தியிருந்தால் அன்றைக்கே அவனுக்கு நாம் பறை அடித்திருப்போம்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கால் பிடித்து இழுத்தால், தலை சுற்றினால், குமட்டினால் அது எச்சரிக்கை. உடனே நிழலில் உட்கார வைத்து உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் பார்த்தால், உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்பவாதம். அப்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் 108-ஐ அழைக்கட்டும். வண்டி வரட்டும் என்று சும்மா காத்திருக்காதீர்கள். உடம்பைக் குளிர வைக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் உயிரைத் தின்னும்.

நாம் பழக்கப்பட்ட உடம்பு, நமக்கு ஒன்றும் ஆகாது என்கிற வீறாப்பை விடுங்கள். லண்டனில் 2023 ஜூன் 10 அன்று அரச அணிவகுப்பின் ஒத்திகை நடந்தது. வெயில் 30 டிகிரி செல்சியஸ்தான், நம் ஊரில் அதை இதமான நாள் என்போம். கம்பளி உடுப்பும் கரடித்தோல் தொப்பியுமாக நின்ற சிப்பாய்கள் சரிந்தார்கள். அவர்களில் ஒருவர் டிராம்போன் வாசித்தவர். மயங்கி விழுந்தவர் எழுந்து மறுபடி வாசிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் பயிற்சி பெற்ற ராணுவ இசைக்காரர். நவி மும்பை கார்கரில் 2023 ஏப்ரல் 16 அன்று திறந்தவெளி விருது விழாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களில் 14 பேர் இறந்தார்கள். சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. அவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நாம் அதே வெயிலில் ஆடி அடிப்பவர்கள்.

நேரம் குறிப்பது நடக்காத காரியம் என்பவர்களுக்குச் சொல்லுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். துபாய்க்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். கேரளத்தில் கோடை வந்தால் மத்தியானம் 12 முதல் 3 வரை வெளிவேலைக்கு ஓய்வு என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. அங்கே யானைக்குக்கூட நேரம் பேசினார்கள். பகல் 9 மணி முதல் மாலை 5 மணி வரை பொதுச்சாலையில் யானை ஊர்வலம் கூடாது என்று 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது வேறு கதை. யானைக்கு அந்த நிழல் நியாயம்தான், கிடைக்கட்டும். யானைக்கு முன்னால் நின்று மேளம் அடிக்கிற மனிதனுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் வழக்கு.

முகூர்த்தம் தப்பும், சாமி குத்தம் ஆகும் என்பார்கள். கத்திரி வெயிலில் சிவன் தலைக்கு மேல் தாராபாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாகக் குளிர வைக்கிற மக்கள் நாம். சாமிக்கு வெயில் சுடும் என்று தெரிந்த ஊருக்கு மேளக்காரனுக்குச் சுடும் என்பது தெரியாதா? பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ராத்திரியும் விடியலுமாக நடந்து மத்தியானம் படுத்துத்தான் போகிறார்கள். அவர்கள் விரதம் ஒன்றும் கெடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதி இருக்கிறது, ஒப்புக்கொள்வோம். காலை 6 முதல் 11 வரை ஐந்து மணி நேரம், மாலை 4 முதல் 10 வரை ஆறு மணி நேரம். ஒரு திருவிழாவுக்கு இது போதாதா?

தோழர்களே, நம் தடை வெளியே மட்டும் இல்லை. “நாங்க வரலைன்னா இன்னொரு செட்டு வந்துடும்” என்ற பயம் நமக்குள்ளேயே இருக்கிறது. பயம் நியாயமானது. ஒரு செட்டு மறுத்து, பக்கத்து ஊர்ச் செட்டு ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டு அதே வெயிலில் போய் நின்றால் மறுத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் தனியாக மறுக்காதீர்கள் என்கிறேன், சேர்ந்து மறுப்போம் என்கிறேன். பறையை இழிவாக்கி இழவுக்கு மட்டும் கூப்பிட்டபோது, இனி அடிப்பதில்லை என்று கீழே வைத்த பெரியவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் ஊர் ஊருக்கு இருந்தார்கள். அடி வாங்கினார்கள், ஊர்விலக்கம் தாங்கினார்கள். பெண்கள் பறை தொடக் கூடாது என்ற காலத்தில் இதே திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். 2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. பறைக்கு மரியாதை வந்துவிட்டது. பறையடிப்பவனுக்கு ஒரு பந்தல் நிழல் இன்னும் வரவில்லை. நம் பெரியவர்கள் கேட்ட மரியாதையின் பாக்கி அது.

ஆகவே அட்வான்ஸ் வாங்கும்போதே பேச வேண்டியவை:

1. நேரம். 11 முதல் 4 வரை ஊர்வலம் இல்லை. பேசிய நேரத்தைத் தேதியோடு சேர்த்து நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விழாக் கமிட்டியால் புறப்பாடு தாமதமானால் அந்தத் தாமதத்துக்கு நாம் வெயிலில் நிற்க மாட்டோம்.

2. தண்ணீர், நிழல். ஊர்வலத்தோடு ஒரு தண்ணீர் கேன் வண்டி. அரைமணிக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தம். சாப்பிடவும் உட்காரவும் பந்தலுக்குள் இடம். டம்ளரும் பந்தியும் எல்லோருக்கும் ஒன்றே. நம்மை வெளியே நிறுத்துகிற வழக்கத்தை வெயிலோடு சேர்த்தே எதிர்ப்போம்.

3. பெண்களுக்குக் கழிப்பறை. கரகம் ஆடும் சகோதரிகள் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். வெயிலில் அது விஷத்துக்குச் சமம். கழிப்பறையும் உடை மாற்ற அறையும் இல்லாத ஊருக்கு எந்தச் செட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு ஆடச் சொல்லவும் விடக் கூடாது.

4. உடை. கோடை நான்கு மாதமும் பருத்திச் சட்டை. கோட்டுதான் அழகு என்றால் அதை மாலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இழவு வீட்டுக்கு நேரம் பேச முடியாது, தெரியும். சாவு முகூர்த்தம் பார்த்து வருவதில்லை. அங்கே முறை வைத்து அடிப்போம். பாதிப் பேர் அடித்தால் பாதிப் பேர் நிழலில். இன்னொன்றையும் கூசாமல் பேசுவோம். துட்டி வீட்டில் சம்பளத்தோடு சரக்கு வாங்கிக் கொடுப்பது உபசாரம் இல்லை. சாராயம் உடம்புத் தண்ணீரை வற்ற வைக்கும், வெயில் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் காசைக் கையில் கேட்டு வாங்குங்கள். பி.பி., சுகர் மாத்திரை சாப்பிடுகிற மூத்தவர்களை உச்சிவெயிலில் முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். வாசிக்காமல் சும்மா இருந்துவிட்டு சீசனின் முதல் நிகழ்ச்சிக்கு வருபவரையும் தம்பிகளையும் எடுத்த எடுப்பில் முழுநேரம் அடிக்க விடாதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும்.

அரசிடமும் நமக்குக் கணக்கு இருக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் வெயிலால்தான் சாவு என்று சான்று வேண்டும். நெஞ்சுவலி என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் எத்தனை மணி, எந்த இடம், எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார் என்பதை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாதவர்கள் இந்த வாரமே பதியுங்கள். அட்டை இருக்கிறவர்கள் காலாவதி ஆகிவிட்டதா என்று எடுத்துப் பாருங்கள். திருவிழா அனுமதி கொடுக்கும்போதே மேளக்காரர்களுக்கான நேரமும் நிழலும் நிபந்தனையாக வர வேண்டும் என்று கலெக்டரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்போம். தனித்தனி மனு வேண்டாம். எல்லாச் செட்டின் கையெழுத்தும் ஒரே மனுவில்.

செட்டு வாத்தியார்களே, உங்களை நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள். இன்றைக்கு ராத்திரி உங்கள் ஆட்களைக் கூட்டி இதைப் படித்துக் காட்டுங்கள். நாளைக்குப் பக்கத்து ஊர்ச் செட்டுக்கு, போன வருஷம் உங்கள் புக்கிங்கைப் பறித்தவராகவே இருந்தாலும், நீங்களே முதலில் ஃபோன் போடுங்கள். வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஆத்தூர், வடமதுரை, வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இருவர் பொறுப்பு எடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாசி பிறப்பதற்குள் எல்லாச் செட்டும் ஒரே நிபந்தனையோடு நிற்க வேண்டும். எந்த ஊர் எந்தச் செட்டைக் கூப்பிட்டாலும் காதில் விழுவது ஒரே பதிலாக இருக்க வேண்டும்: “வர்றோம். பதினொன்றுக்குள் முடிங்க, இல்லை நாலுக்கு மேல் ஆரம்பிங்க.”

சேர்ந்து நிற்போம் தோழர்களே! உயிரோடு இருந்து அடிப்போம்!