காணாத வலி கள்ளமாகுமோ?

நம் தோட்டங்களிலே ஒரு விசித்திரமான நியாயஸ்தலம் உண்டு. அதற்குக் கட்டிடமில்லை, வக்கீலில்லை, அப்பீலுமில்லை. பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்திலே அது கூடும். "முதுகு நோகிறது, இன்று வேலைக்கு முடியாது" என்பாள் ஒரு பெண். மண்டோர் அவளை ஏற இறங்கப் பார்ப்பார். காயமில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. "நடிப்பு!" என்ற ஒரே சொல்லில் தீர்ப்பு முடிந்துவிடும். செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாம் இதை நன்கறிவோம். அந்த ஏட்டிலே வந்தவர், வராதவர் என்னும் இரண்டுக்கே குறி உண்டு. நோவுக்குக் குறி கிடையாது.

ஏட்டில் இடமில்லாத காரணத்தால் ஒரு நோய் இல்லாது போகுமா என்பதே நமது கேள்வி.

இவ்வாறு பொய்யென்று தள்ளப்படும் நோய்களுள் ஒன்று பைப்ரோமயால்ஜியா. பெயர் வாயில் நுழையாததாயினும் நோய் நமக்குப் புதிதன்று. மூன்று மாதத்துக்கு மேலாக உடலெங்கும் பரவி நிற்கும் வலி, எத்தனை நேரம் படுத்தாலும் உறங்காதவர்போல் எழுதல், ஓயாத களைப்பு, மறதி ஆகியவை இதன் குறிகள். ஆண்களுக்கும் வரும், பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. லயத்திலும் சரி, தோட்டம் துண்டாடப்பட்ட பின் குடிபெயர்ந்து போன புந்தோங்கிலும் சிலிபினிலும் சரி, இதனைச் சுருக்கமாக "முதுகு வலி" என்றே நம்மவர் சொல்வர். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் குற்றமில்லை. இரத்தத்தைச் சோதித்தால் அதிலும் குற்றமில்லை. உடனே குற்றம் நோயாளியின் தலையில் ஏற்றப்படுகிறது!

"இது புதுமோஸ்தர் வியாதி, நம் பாட்டிமாருக்கு இருந்ததா?" என்று கேட்பாருண்டு. 1904-ஆம் ஆண்டிலேயே லண்டன் வைத்தியர் வில்லியம் கவர்ஸ் என்பார் இடுப்பு வலியைப் பற்றி எழுதும்போது இதன் பழைய பெயராகிய பைப்ரோசைட்டிஸ் என்பதை உண்டாக்கினார். இன்றைய பெயர் 1976-இல் எழுந்தது. 1990-இல் அமெரிக்க மூட்டுநோய் வைத்தியர் சங்கம், உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடங்களில் நோவு கண்டால் இந்நோயென்று விதி செய்தது. 2010-இல் அவ்விதியை மாற்றி, வலியின் பரப்பு, களைப்பு, உறக்கக் கேடு முதலியவற்றைக் கேட்டறிந்து முடிவு செய்யும் முறையை வகுத்தது. பேராக்கிலோ, கோலகங்சாரில் 1877-இல் ஊன்றிய ரப்பர்க் கன்றுகளின் வழியே பால்மரம் நாடெங்கும் பெருகிற்று. நம் பாட்டிமார் காண்டாக் கம்பிலே பால் வாளிகளைச் சுமந்தனர். அவர்தம் நோவுக்குத் தைலமும், ஆடவர் நோவுக்குக் கள்ளுக்கடையுமே மருந்தாயின. பெயரில்லாத நோயை எவர் கணக்கில் எழுதுவார்?

இனி, "எலும்பில் பழுதில்லையேல் வலி மனப்பிராந்திதானே?" என்பர் படித்தவர். இது அறியாமை. புண்ணால் வரும் வலி ஒன்று. நரம்பு சிதைந்து வரும் வலி மற்றொன்று. இவ்விரண்டிலும் அடங்காது, வலியை உணரும் நரம்பு மண்டலமே தன் அளவு தப்பியதால் எழும் வலி மூன்றாவது. இம்மூன்றாம் வகைக்குச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-இல் தனிப் பெயர் வழங்கியது. ஒலிபெருக்கியின் திருகைக் கூட்டி வைத்தால் மெல்லிய பேச்சும் இடியாகக் கேட்குமன்றோ? பேசியவன் உண்மை, ஒலியும் உண்மை; பெருக்கம் மட்டுமே மிகை. உறக்கத்துக்கும் இதில் பங்குண்டு. 1970-களில் டொரண்டோவில் மோல்டோப்ஸ்கி என்னும் அறிஞர், நோயற்ற இளைஞரின் ஆழ்ந்த உறக்கத்தை இரவுதோறும் கலைத்துப் பார்த்தார். சில நாளில் அவர்களுக்கும் உடம்பு வலியும் தொட்டால் நோவும் கண்டன. பின்னிரவிலே எழுந்து உலைவைத்துப் பெரட்டுக்கு ஓடும் நம் பெண்களை இங்கே நினைத்துப் பாருங்கள், தோழர்களே!

நிற்க. நோயாளியைப் பொய்யராக்கிவிட்டால் அவர் எங்கே போவார்? செய்வினை எடுப்பவனிடமும் மாயப்பொடி விற்பவனிடமும் போவார். கல்லுமலைக்குக் காவடி எடுப்பாரின் பக்தியை நாம் இங்கு வழக்காடவில்லை. "உன் முதுகில் எவரோ ஏவல் வைத்திருக்கின்றனர்" என்று சொல்லி, ஒரு மாதச் சம்பளத்தைத் தட்சணையாகக் கறக்கும் கயவனையே கண்டிக்கிறோம். பொடி வியாபாரி அவனினும் கொடியன். மூலிகை என்று விற்கப்படும் வலிமருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். தின்றவுடன் வலி பறக்கும். பின்னர் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். இந்நோய்க்கு ஸ்டீராய்டு மருந்தே அன்று.

ஆயின் மருந்து யாது? 2017-இல் ஐரோப்பிய மூட்டுநோய்ச் சங்கம் ஆய்வுகளையெல்லாம் நிறுத்துப் பார்த்து, உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றையே: தேகப்பயிற்சி. "நோகும் முதுகுக்குப் பயிற்சியா?" என்று நகைக்க வேண்டா. முதல் வாரம் ஐந்து நிமிட நடை போதும். தாங்கினால் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வெந்நீர் ஒற்றடம், மெல்ல முதுகை நீட்டி மடக்குதல், நீருக்குள் நடத்தல் ஆகியவையும் நலம் தரும். வலி குறைந்த நாளிலே ஒரு வார வேலையையும் சேர்த்து முடித்து, மறுநாள் படுக்கையில் விழுவதே நம்மவர் வழக்கம். அதை விடுத்து, நல்ல நாளிலும் அளவோடு செய்து இடையிடையே ஓய்வது வேண்டும். நாட்கணக்காகப் படுத்தே கிடப்பதும் கேடு. தசை தளரும், வலி முற்றும். குறித்த நேரத்தில் உறங்குவதும் மருந்தே. வைத்தியர் ஆராய்ந்து இரவிலே சிறு அளவில் அமிட்ரிப்டிலின் போன்றவற்றைத் தருவதுண்டு. அதனை அவர் சொற்படியே உண்ண வேண்டும். வலி ஒரே நாளில் ஒழியும் என்பவன் பொய்யன். வலியோடும் வாழ்வை மீட்கலாம் என்பதே மெய்.

எல்லா முதுகு வலியும் இந்நோயன்று என்பதையும் மறத்தல் கூடாது. கால் வலுவிழத்தல், தொடையிடுக்கு மரத்தல், சிறுநீர் அடைபடுதல் அல்லது தானே ஒழுகுதல், காய்ச்சல், காரணமின்றி மெலிதல், விழுந்தபின் தோன்றும் கடும்வலி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுக. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்டே. மந்திரவாதியின் எலுமிச்சம்பழம் அதனினும் விலை அதிகம்!

"இதையெல்லாம் ஒப்புக்கொண்டால் சோம்பேறிகள் பிழைத்துப் போவர்" என்று மேலதிகாரிகள் அஞ்சுகின்றனர். பத்துச் சோம்பேறியைப் பிடிக்க நூறு நோயாளியை அடிப்பது எந்த நீதி? சட்டமே இவ்வளவு கல்நெஞ்சம் உடையதன்று. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு அளிக்கிறது. 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணமும் கூற வேண்டும். இவ்வுரிமையை அறிந்தவர் எத்தனை பேர்? ஆங்கிலமும் மலாயும் படித்து ஆபீஸ் நாற்காலியில் இருக்கும் நம் போன்றோர் அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால் விரல் தேய்ந்துவிடாது. தொழிற்சங்கத்தாரும் கூலியுயர்வுக்குக் கேட்கும் குரலிலே இதையும் கேட்கட்டும்.

இல்லத்தாருக்கும் ஒரு சொல். மருமகள் முதுகு நோகிறதென்றால் "வேலைக்கள்ளி" என்று ஏசாதீர். தண்ணீர்க் குடத்தை மகன் தூக்கட்டும். துணியைக் கணவன் பிழியட்டும். அதனால் எவர் ஆண்மையும் குறையாது. வலியை அளக்கும் கருவி இன்னும் உலகில் செய்யப்படவில்லை. அது வரும்வரை, நோவுற்றவர் வாய்ச்சொல்லே சாட்சி. அச்சாட்சியை நம்பத் துணிவதே முதல் சிகிச்சை.