ஒரு மாவட்டம், மூன்று எம்.பி.க்கள்!

2024 ஜூன் 4-ந் தேதி ஓட்டுகள் எண்ணி முடிக்கப்பட்டபோது, மைசூர் மாவட்டத்துக்கு மூன்று எம்.பி.க்கள் கிடைத்தார்கள். மூவரும் மூன்று கட்சி! மைசூர் தொகுதியில் பாரதீய ஜனதா வேட்பாளர் யதுவீர் உடையார் 1,39,262 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். சாமராஜநகரில் காங்கிரஸ் வேட்பாளர் சுனில் போஸ் 1,88,706 ஓட்டு கூடுதலாகப் பெற்றார். மண்டியாவில் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் குமாரசாமிக்கு வித்தியாசம் 2,84,620.

இது எப்படி? 2008-ல் போட்ட கோடுதான் காரணம்.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான கமிஷன் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளைத் திருத்தியது. கர்நாடகத்தின் 28 இடங்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் உள்ளே எல்லாம் மாறியது. மைசூர் மாவட்டத்தின் 11 சட்டசபைத் தொகுதிகளில் ஆறு மட்டுமே மைசூர் பார்லிமெண்ட் தொகுதியில் நின்றன. நஞ்சன்கூடு, வருணா, தி.நரசிபுரம், எச்.டி.கோட்டை ஆகிய நான்கும் தனித்தொகுதியான சாமராஜநகரில் அடங்கின. கிருஷ்ணராஜநகர் மண்டியாவில் சேர்ந்தது. அதுவரை மங்களூர் தொகுதியில் இருந்த குடகு, மைசூரோடு இணைந்தது.

இந்தக் கோடு தமிழர்களையும் பிரித்திருக்கிறது. மைசூர் நகரில் குடியிருக்கும் தொழிலாளிக்கு ஒரு எம்.பி. அதே ஆலையில் அவரோடு வேலை செய்து, நஞ்சன்கூட்டில் குடியிருப்பவருக்கு வேறு எம்.பி. குடகில் காப்பித் தோட்டத்தில் உழைக்கும் தமிழருக்கோ மைசூர் எம்.பி.தான். வேலை செய்யும் இடம் கணக்கில்லை. வீட்டு முகவரிதான் கணக்கு.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று கேட்கலாம். பிராவிடண்ட் பண்ட், இ.எஸ்.ஐ., பாஸ்போர்ட், ரயில் எல்லாம் மத்திய அரசு விவகாரம். மனு கொடுக்க வேண்டிய இடம் எம்.பி. அலுவலகம். தவறான வாசலில் நின்றால் நாள் கூலிதான் நஷ்டம். சாமராஜநகரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் பாதை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. சத்தியமங்கலம் காடு குறுக்கே நிற்பதால் அது நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. அதைக் கேட்பதானாலும் சாமராஜநகர் எம்.பி.யையும் சேர்த்துக் கேட்டால்தான் பலம்.

கேட்பதற்கு முதலில் ஓட்டு இருக்க வேண்டும். பலருக்குப் பெயர் இன்னும் சேலத்திலும் தர்மபுரியிலும் இருக்கிறது. தேர்தலன்று பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போடுகிறவர் சிலர். போகாமலே விடுகிறவர் பலர். பத்து, இருபது வருஷமாக இங்கே வாடகை கொடுத்து, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள் இங்கே ஓட்டில்லாமல் இருப்பது நியாயமா?

நாலு ஓட்டு என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். புதிய எல்லைக்குப் பின் நடந்த முதல் பார்லிமெண்ட் தேர்தலில், 2009-ல், மைசூரில் காங்கிரசின் விசுவநாத் வென்றது வெறும் 7,691 ஓட்டில்! எட்டு சட்டசபைத் தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஆயிரம் ஓட்டுகூடத் தேறாது. 2014-ல் அதே விசுவநாத் 31,608 ஓட்டில் பிரதாப் சிம்ஹாவிடம் தோற்றார்.

இரண்டு ஊரில் பெயர் வைத்துக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்காது. குடியிருக்கும் இடத்துக்குப் பெயரை மாற்ற, படிவம் 8 போதும்.

2025 மார்ச் 22-ந் தேதி சென்னையில் கூடிய தலைவர்கள், தொகுதி மறுசீரமைப்பில் தென் மாநிலங்களின் இடங்கள் குறையக் கூடாது என்றார்கள். கர்நாடகத் துணை முதல்வர் டி.கே.சிவகுமாரும் அதில் கலந்துகொண்டார். எத்தனை இடம் என்பது தலைவர்கள் பேச வேண்டியது. எந்தத் தெரு எந்தத் தொகுதி என்பது அந்தத் தெருக்காரர்கள் பேச வேண்டியது. சென்ற முறை கமிஷன் முதலில் நகல் வெளியிட்டு, பொதுக் கூட்டங்களில் ஆட்சேபம் கேட்டது. அடுத்த முறை அப்படிக் கேட்கும்போது, தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் வரைபடத்தோடு போய் நிற்க வேண்டும். ஆணை வெளியான பிறகு புலம்பிப் பயனில்லை.