பாதம் பொய் சொல்வதில்லை, படிப்பவர்?

நம் வீடுதோறும் ஓதப்படும் யாஸீன் அத்தியாயம், மறுமையில் மனிதனின் கால்களும் அவனைக் குறித்துச் சாட்சியாக நிற்கும் என எச்சரிப்பதை நாம் அறிவோம். அந்த மன்றத்தில் பிழை நேராது. தீர்ப்பளிப்பவன் யாவும் அறிந்தவன். இவ்வுலக நீதிமன்றங்களிலும் கால்கள் சாட்சியம் அளிப்பதுண்டு. ஆயின், இங்கே அச்சாட்சியத்தைப் படித்துச் சொல்பவன் மனிதன். அவன் படிப்பதில் பிழை நேர்ந்தால் குற்றமற்றவன் சிறை புகுவான். குற்றவாளி வெளியே திரிவான். ஆகவேதான், வெறுங்காலின் ரேகைப் பதிவுகளை ஒப்பிட்டுக் கூறும் நிபுணர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி நம் சிந்தனைக்கு உரியதாகிறது.

கைவிரல்களில் உள்ளதைப் போன்றே உள்ளங்காலிலும் நுண்ணிய வரிமேடுகள் உள்ளன. கருவறையில் மூன்றாம் மாத வாக்கில் தோன்றத் தொடங்கி, ஆறாம் மாத அளவில் நிலைபெறும் இவ்வமைப்பு, ஆழ்ந்த காயமோ நோயோ சிதைத்தாலன்றி ஆயுள் முழுவதும் மாறுவதில்லை. உருவத்தில் ஒத்திருக்கும் இரட்டையருக்குங்கூட இது ஒன்றாய் அமைவதில்லை. ஒரு வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது, எங்கே சிறு புள்ளியாய் நிற்கிறது என்னும் நுணுக்கங்களைக் கொண்டே ஒருவரை அடையாளம் காண்கிறார்கள்.

இத்துறைக்கும் நம் நாட்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்தில், ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றியவர்கள் காஜி அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகிய இரு வங்காளக் காவல் அதிகாரிகள். 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டம் விரற்பதிவுடன் பாதப்பதிவையும் எடுக்க இடமளித்தது. அதற்கு மாற்றாக 2022இல் இயற்றப்பட்ட சட்டத்திலும் பாதப்பதிவு இடம்பெற்றுள்ளது.

எனினும், பிரீதம் சிங் வழக்கில் நமது உச்ச நீதிமன்றம், காலடித் தடங்களை அடையாளம் காணும் கலை தொடக்க நிலையில் உள்ளது என்றும், அதனை மட்டுமே கொண்டு ஒருவரைத் தண்டிக்க இயலாது என்றும் கருத்துரைத்தது. அது தடத்தின் வடிவையும் அளவையும் பார்க்கும் கலையைப் பற்றிய கருத்து. வரிமேடுகள் தெளிவாகப் பதிந்திருப்பின் சான்று வலுப்பெறும். ஆனால், வலுவான சான்றைப் பிழையாகப் படித்தால் விளையும் தீங்கும் வலுவானதே.

உள்ளங்காலைப் படிப்பது எளிதன்று. விரல்நுனியை விடப் பன்மடங்கு பரந்த இடம் அது. குற்றம் நடந்த இடத்தில் கிடைப்பதோ பெரும்பாலும் அதன் ஒரு துண்டு மட்டுமே. உடலின் முழு எடையும் அதன் மேல் அழுந்துகிறது. நடக்கும்போது தோல் இழுபடுகிறது. ஈரத் தரையில் கால் வழுக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எனவே பயிற்சி பெறுபவர், பலருடைய பாதங்களை நின்ற நிலையிலும் நடக்கும் நிலையிலும் பதிவெடுத்து, ஒரே பாதம் எத்தனை விதமாய்ப் பதிகிறது என்பதை முதலில் கண்ணாரக் காண வேண்டும். கையில் உள்ள துண்டு இடக்காலா வலக்காலா, பெருவிரலின் அடிப்பகுதியா, வெளி ஓரமா, குதிகாலா என்பதை வரிகளின் ஓட்டத்தைக் கொண்டே சொல்லப் பழக வேண்டும்.

அடுத்து வரும் ஒழுங்கே இக்கலையின் உயிர்நாடி. முதலில் குற்ற இடத்துப் பதிவை மட்டும் தனியே ஆராய்ந்து, அதில் தெரியும் நுணுக்கங்களைக் குறித்துவைக்க வேண்டும். அதன் பிறகே சந்தேகிக்கப்படுபவரின் பதிவைப் பார்க்க வேண்டும். பின்னர் ‘ஒருவருடையதே’, ‘வேறொருவருடையது’, ‘முடிவு கூறப் போதாது’ என்பவற்றுள் ஒன்றைச் சொல்ல வேண்டும். இறுதியாக மற்றொரு நிபுணர் அதனைச் சரிபார்க்க வேண்டும். முதலாமவரின் முடிவை அறியாமலேயே அவர் பார்ப்பது சிறப்பு.

இவ்வொழுங்கு தளர்ந்தால் என்னவாகும்? 2004 மார்ச் 11இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே கிடைத்த பை ஒன்றிலிருந்த விரல்ரேகை, அமெரிக்காவின் ஒரெகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டு என்பவருடையது என அந்நாட்டின் எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதி கூறினர். நீதிமன்றம் நியமித்த நிபுணரும் ஆமோதித்தார். மேஃபீல்டு இஸ்லாத்தைத் தழுவியவர். ஸ்பெயின் காவல்துறை பொருத்தமில்லை என்று தெரிவித்திருந்தும், மே 6இல் கைதான அவர் இரு வாரங்கள் அடைபட்டிருந்தார். அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என ஸ்பெயின் கண்டறிந்த பின்னரே விடுதலை கிடைத்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரி, 2006இல் 20 லட்சம் டாலர் இழப்பீடும் வழங்கியது.

அதே ஆண்டு வெளியான அரசுத் தணிக்கை அறிக்கை சிந்திக்கத்தக்கது. முதல் ஒப்பீட்டின்போது நிபுணர்களுக்கு அவருடைய மதம் தெரியாது. மேஃபீல்டின் தெளிவான ரேகையில் கண்டவற்றை, மங்கிய தடத்தில் இருப்பதாக அவர்கள் பின்னோக்கிக் ‘கண்டு’விட்டனர். ஆனால் தவறு சுட்டிக்காட்டப்பட்ட பிறகும் மறுபரிசீலனை செய்யத் தயங்கியதில், அவருடைய மதமும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம் என்கிறது அவ்வறிக்கை. விரலாயினும் பாதமாயினும் தோல் ஒரே வகை, முறை ஒன்று, பார்க்கும் கண்ணும் மனிதக் கண்ணே. எனவே இப்பாடம் பாதரேகைக்கும் பொருந்தும்.

இங்கே நம் மதரஸாக்களில் ஓதப்படும் சட்டநூல் ஒன்று நினைவுக்கு வருகிறது. அரபுகளிடையே பாதங்களையும் உறுப்புகளையும் பார்த்து உறவை அறியும் ‘கியாஃபா’ என்னும் கலை இருந்தது. ஜைத் (ரலி) வெண்ணிறத்தவர்; அவர் மகன் உஸாமா (ரலி) கருநிறத்தவர். இதனால் சிலர் வம்பு பேசினர். இருவரும் போர்வைக்குள் தலை மறைத்து உறங்கியபோது, வெளியே தெரிந்த பாதங்களை மட்டும் கண்ட முஜஸ்ஸிஸ் என்பவர், இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். அதனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அகமகிழ்ந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள்.

ஹனஃபி மத்ஹபு இதனை வம்சத்திற்கு ஆதாரமாகக் கொள்வதில்லை; ஷாஃபிஈ மத்ஹபு கொள்கிறது. ஆனால் எப்படிப்பட்ட நிபுணரை? ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் கூறும் நிபந்தனையைப் பாருங்கள். அவர் நீதமானவராகவும் சோதிக்கப்பட்டவராகவும் இருக்க வேண்டும். ஒரு குழந்தையைப் பெண்கள் சிலருடன் அவருக்குக் காட்ட வேண்டும்; அவர்களுள் அக்குழந்தையின் தாய் இருக்கக்கூடாது. இப்படி மும்முறை. நான்காம் முறை தாயும் அவர்களுள் இருப்பார். எல்லா முறையும் சரியாகச் சொன்னால்தான் அவர் சொல் ஏற்கப்படும்.

கவனியுங்கள். தாய் யார் என்று ஒருமுறை கண்டுபிடிக்கும் முன், ‘இவர்களுள் இல்லை’ என்று மும்முறை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய நல்ல பயிற்சிகளிலும், பொருந்தாத பதிவுகளைக் கலந்து வைத்தே மாணவரைச் சோதிக்கிறார்கள். பொருத்தம் காண்பது திறமை. இல்லாதபோது இல்லை என்பது அமானிதம்.

இது நிபுணர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், ‘அவள்தான் எடுத்திருப்பாள்’ என்று முதலில் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டு, பிறகு தடயம் தேடுவோர் நம்மில் எத்தனை பேர்! வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணோ, மருமகளோ அந்தப் பெயருக்கு உரியவராகிவிட்டால், அவர் நடப்பதும் நிற்பதும் சான்றாகவே தோன்றும். அறியாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் நம் மார்க்கம் போதிக்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்னும் சொல்லை நம் பிள்ளைகளுக்குக் கூச்சமின்றிச் சொல்லப் பழக்குவோம்.

நாம் பார்த்ததை மட்டும் பார்த்ததாகச் சொல்லும் நேர்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக!