விக்டர் ஆப்பிள்டன் என்று ஒரு ஆளே இல்லை!

ஒரு சின்ன க்விஸ். ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட் படித்தவர்கள் கை தூக்குங்கள். 1984ல் முதல் இதழே பாண்ட் கதைதான். 2005ல் நிற்கும் வரை பாண்ட் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார். பாக்கெட் மணியை மிச்சம் பிடித்து வாங்கியவர்கள், பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: அந்தக் கதைகளை எழுதியவர் யார்?

"இயான் ஃபிளெமிங்" என்றால் பாதி மார்க்தான். ஃபிளெமிங் 1964லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1966 முதல் லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸில் வந்த பாண்ட் படக்கதைகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதியவர் ஜிம் லாரன்ஸ். படம் வரைந்தவர் யாரோஸ்லாவ் ஹோராக். முதலில் ஃபிளெமிங்கின் கதைகளைப் படக்கதையாக மாற்றிக் கொடுத்தார். 1968 முதல் சொந்தமாகவே பாண்ட் கதைகளை யோசித்து எழுத ஆரம்பித்தார். தமிழில் வந்த பாண்ட் கதைகளில் இவருடைய சரக்கும் நிறைய உண்டு. அந்தப் பெயரை அப்போது கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? சந்தேகம்தான்.

சரி, விஷயம் பாண்ட் பற்றியது அல்ல. பாண்டுக்கு முன்னால் லாரன்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் 1905ல் எட்வர்ட் ஸ்ட்ராடமேயர் என்பவர் ஒரு கம்பெனி தொடங்கினார். ஸ்ட்ராடமேயர் சிண்டிகேட் என்று பெயர். சிறுவர் நாவல் தயாரிப்பதுதான் தொழில். தயாரிப்பது என்ற வார்த்தை இங்கே தெரிந்தேதான் போடப்படுகிறது. கம்பெனி சில பக்கத்தில் கதைச்சுருக்கம் கொடுக்கும். ஒரு எழுத்தாளர் அதை இருநூறு பக்க நாவலாக எழுதித் தருவார். ஒரு தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ராயல்டி கிடையாது. "நான்தான் எழுதினேன்" என்று வெளியே சொல்லவும் கூடாது. அட்டையில் இருப்பது இல்லாத ஒரு ஆளின் பெயர். ஹார்டி பாய்ஸுக்கு ஃபிராங்க்ளின் டிக்ஸன், நான்ஸி ட்ரூவுக்கு கேரலின் கீன், டாம் ஸ்விஃப்டுக்கு விக்டர் ஆப்பிள்டன். மூன்று பேரும் பிறக்கவே இல்லை!

1954 முதல் 1971 வரை வந்த டாம் ஸ்விஃப்ட் ஜூனியர் வரிசையில் மொத்தம் 33 புத்தகங்கள். அட்டையில் "விக்டர் ஆப்பிள்டன் 2". அதில் இருபதுக்கும் மேல் எழுதியவர் ஜிம் லாரன்ஸ். அணுசக்தி, ராக்கெட், கடலடி ஆராய்ச்சி என்று ஒரு தலைமுறைப் பையன்களுக்கு அறிவியல் ஆசை காட்டிய கதைகள் அவை. ஆப்பிள் கம்ப்யூட்டரை உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக், தான் எஞ்சினியர் ஆனதற்கு இந்தப் புத்தகங்களும் ஒரு காரணம் என்று சொல்லியிருக்கிறார். வாஸ்னியாக்குக்கு ஆசை காட்டியது யார்? அட்டையில் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து நின்று நியாயம் பேசுவார். "காசு வாங்கினார், கையெழுத்துப் போட்டார். அப்புறம் என்ன புலம்பல்?"

காசுக் கணக்கைப் பார்ப்போம். ஹார்டி பாய்ஸின் முதல் புத்தகங்களை 1927ல் எழுதிக் கொடுத்தவர் லெஸ்லி மெக்ஃபார்லேன் என்ற கனடாக்காரர். ஒரு புத்தகத்துக்கு 125 டாலர். 1930ல் நான்ஸி ட்ரூவைத் தொடங்கிய மில்ட்ரெட் பென்சனுக்கும் அதே 125. அந்த வரிசைகள் இன்று வரை விற்கின்றன. ஒப்பந்தம் சட்டப்படி சரி, யாரும் மறுக்கவில்லை. ஆனால் சட்டப்படி சரியாக இருப்பதெல்லாம் நியாயமாகிவிடாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று ஒருவர் போடும் கையெழுத்தும், நான்கு வழி இருக்கும்போது யோசித்துப் போடும் கையெழுத்தும் ஒன்றா?

அடுத்த வாதம்: "கதைச்சுருக்கம் கம்பெனியுடையது. இவர்கள் வெறுமனே நிரப்பினார்கள்." நல்ல ஜோக். ஒரே கதைச்சுருக்கத்தைப் பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒன்பது பேர் எழுதியதை மூன்றாம் பக்கத்திலேயே மூடி வைப்பீர்கள். கல்யாண வீட்டில் மெனு எழுதிக் கொடுத்தவரையா சமையல்காரர் என்கிறோம்?

மூன்றாவதுதான் கம்பெனிக்காரர்களின் பெரிய ஆயுதம். "குழந்தைகளுக்கு ஒரே பெயர் வேண்டும். எழுதுகிறவர் மாறுவது தெரிந்தால் வாங்க மாட்டார்கள்." இதற்கு லாரன்ஸின் வாழ்க்கையே பதில். 1970ல் ஹோர்ஹே லோங்காரோனோடு சேர்ந்து ஃப்ரைடே ஃபாஸ்டர் என்ற நாளிதழ்ப் படக்கதையைத் தொடங்கினார். கதாநாயகி ஒரு கறுப்பினப் பெண். அமெரிக்கப் பத்திரிகைகளில் அன்றைக்கு அது புதிது. அதில் லாரன்ஸின் பெயர் இருந்தது. 1984ல் இன்ஃபோகாம் கம்பெனிக்காக ஸ்டூ காலியோடு சேர்ந்து ஸீஸ்டாக்கர் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல், இளம் விஞ்ஞானி, கடலடி ஆபத்து... அப்படியே டாம் ஸ்விஃப்ட் வாசனை! சிறுவர்களுக்கான விளையாட்டுதான். அதிலும் அவர் பெயர் இருந்தது. அதே கை, அதே மாதிரிக் கதை, அதே வயசுப் பிள்ளைகள். பெயர் போட்டதால் வானம் இடிந்து விழவில்லை. ஃபிளெமிங் போன பிறகும் 1981 முதல் ஜான் கார்ட்னர் தன் சொந்தப் பெயரிலேயே பாண்ட் நாவல்கள் எழுதினார். பாண்ட் செத்துப் போய்விட்டாரா?

ஆகவே பெயரை மறைத்தது குழந்தைகளுக்காக இல்லை. எழுத்தாளருக்கு என்று வாசகர் கூட்டம் சேர்ந்துவிட்டால் அவர் கூலி உயர்த்திக் கேட்பார். பெயரே இல்லாதவரை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான் ரகசியம்.

இதில் வாசகனுக்கும் நஷ்டம் உண்டு. 1959 முதல் பழைய ஹார்டி பாய்ஸ், நான்ஸி ட்ரூ புத்தகங்களைச் சுருக்கித் திருத்தி எழுத ஆரம்பித்தார்கள். பழைய இனவெறி வர்ணனைகளை எடுத்தது நல்ல காரியம். ஆனால் கூடவே மெக்ஃபார்லேனின் நடையும் நகைச்சுவையும் போயிற்று. சில புத்தகங்களில் கதையே வேறு. தலைப்பு மட்டும் அதே, அட்டையில் அதே ஃபிராங்க்ளின் டிக்ஸன். அப்பா படித்த புத்தகம் என்று நினைத்து மகன் வேறு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பான். இல்லாத ஆளின் பெயரில் என்ன மாற்றினாலும் கேட்க நாதி இல்லை, பாருங்கள்.

ரகசியம் கடைசியில் கோர்ட்டில் உடைந்தது. 1980ல் பதிப்பகங்களுக்குள் வழக்கு வந்தபோது மில்ட்ரெட் பென்சன் நியூயார்க்கில் சாட்சி சொன்னார். நான்ஸி ட்ரூவின் முதல் 30 புத்தகங்களில் 23 அவருடையவை. அதுவரை ஸ்ட்ராடமேயரின் மகள் ஹேரியட் ஆடம்ஸ்தான் கேரலின் கீன் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. பென்சனுக்காவது அதன்பின் மரியாதை கிடைத்தது. 1993ல் அயோவா பல்கலைக்கழகம் மாநாடு நடத்தி அவரைக் கௌரவித்தது. மெக்ஃபார்லேன் 1976லேயே தன் கதையைத் தானே புத்தகமாக எழுதிவிட்டார்.

1994ல் இறந்த லாரன்ஸுக்கு அந்த அளவு வெளிச்சம் விழவில்லை. பழைய புத்தகங்களைத் தோண்டும் ரசிகர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவர் யாரோ. இன்னொரு வேடிக்கை: போலீஸ் வைத்திருக்கும் டேஸர் கருவிக்கு அந்தப் பெயர் வந்ததே 1911ல் வந்த ஒரு பழைய டாம் ஸ்விஃப்ட் நாவலிலிருந்துதான். கதாபாத்திரத்தின் பெயர் கருவி வரைக்கும் போய்விட்டது. எழுதியவர்களின் பெயருக்கு மட்டும் அட்டையில் இடமில்லை!

இதைச் சரிசெய்ய பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். மறுபதிப்பு போடும்போது உள்பக்கத்தில் ஒரே ஒரு வரி: "இந்தப் புத்தகத்தை எழுதியவர் இன்னார்." அரைச் சென்டிமீட்டர் இடம் போதும். பழைய காமிக்ஸ் அட்டையை ஸ்கேன் செய்து போட்டு நெகிழ்ந்து உருகும் ரசிகர்களும் அடுத்த முறை கீழே ஒரு வரி சேர்க்கலாம்: கதை - ஜிம் லாரன்ஸ்.

டைப் அடிக்கப் பத்து விநாடி ஆகுமா?