உப்பு ஏரிக்கரை மண்டபம்

அமெரிக்கர்கள் களித்துப் பொழுது போக்குவதற்கென்று கட்டிய இடங்களிலேயே மனிதர்களை வரிசையாகக் கொன்று காட்டும் ஸினிமாப் படங்கள் ஒரு தனி ஜாதி. ராட்டினம் சுற்றும், மிட்டாய் விற்பார்கள், பின்னால் முகமூடி அணிந்த ஒருவன் காத்திருப்பான். 'ஸ்லாஷர்' என்று இவற்றுக்குப் பெயர். 1981-ல் டோப் ஹூப்பர் என்னும் டைரக்டர் எடுத்த 'தி பன்ஹவுஸ்' நல்ல உதாரணம். வாலிபர் இருவரும் யுவதிகள் இருவரும் ஒரு பொருட்காட்சியின் வேடிக்கை வீட்டுக்குள் இரவைக் கழிக்க ஒளிந்து கொள்கிறார்கள். அங்கே ஒரு கொலையைக் கண்ணால் கண்டு விடுகிறார்கள். மேலே நடப்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பட முதலாளிகளுக்கு இந்த ஜாதியின் மேல் ஏன் இத்தனை பிரியம் என்பதும் ரகசியமன்று. 1978-ல் சுமார் 3 லட்சம் டாலர் செலவில் எடுத்த 'ஹாலோவீன்' உலகெங்கும் சுமார் 7 கோடி டாலர் வசூலித்தது. ஒரு கத்தி, ஒரு முகமூடி, நன்றாக அலறத் தெரிந்த ஒரு பெண். மூலதனம் இவ்வளவே என்று பலர் முடிவு செய்து விட்டார்கள்.

இத்தகைய படங்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று பெற்றோர்கள் நம்மைக் கேட்பதுண்டு. சிறு பிள்ளைகள் கூடாது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேல் வகுப்புப் பிள்ளைகளை வெறுமே தடுப்பதில் பிரயோஜனம் உண்டா? தடுத்தால் போர்வைக்குள் கைபேசியை வைத்துக் கொண்டு பார்க்கப் போகிறார்கள். அதை விட, கத்தியே இல்லாமல் நடுங்க வைக்கும் படம் ஒன்றை அவர்களுடன் உட்கார்ந்து பார்ப்பது மேல் என்பது நமது அபிப்பிராயம். அதற்குத் தகுந்த படம் 1962-ல் வெளியான 'கார்னிவல் ஆப் ஸோல்ஸ்'.

இதை எடுத்த ஹெர்க் ஹார்வி கிட்டத்தட்ட நமது தொழிலைச் சேர்ந்தவர். கான்ஸாஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரில், பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போதனைப் படங்கள் தயாரிக்கும் செண்ட்ரான் கம்பெனியில் டைரக்டராக இருந்தார். கலிபோர்னியாவிலிருந்து காரில் திரும்பும்போது யூட்டா மாகாணத்துப் பெரிய உப்பு ஏரிக்கரையில் ஒரு பாழடைந்த மண்டபத்தைக் கண்டார். ஸால்டேர் என்பது அதன் பெயர். 1893-ல் கட்டி, 1925-ல் தீக்கிரையாகி, மறுபடியும் எழுப்பிய கேளிக்கை ஸ்தலம் அது. ஏரி பின்வாங்கியது, ஜனங்களும் வருவதை நிறுத்தினார்கள், 1958-ல் கதவை மூடி விட்டார்கள். அந்த நடன கூடத்தில் செத்தவர்கள் ஜோடி ஜோடியாக ஆடுவது போல் ஹார்விக்குத் தோன்றியது. கம்பெனியில் தம்முடன் வேலை செய்த ஜான் கிளிபோர்டிடம் போய், "இந்தக் காட்சியில் முடியும்படி கதை வேண்டும்" என்றார். மூன்று வாரம் லீவு எடுத்துக் கொண்டு, சுமார் 33,000 டாலரில் படத்தை முடித்து விட்டார். துரத்தி வரும் வெளிறிய முகத்துப் பேயும் அவரே. நடிகனுக்குக் கூலி மிச்சம்!

கதையில் வரும் மேரி ஹென்றி மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். அவள் வந்த கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. வெகுநேரத்துக்குப் பின் அவள் மட்டும் கரையேறுகிறாள். வேறு ஊரில் வேலைக்குப் போகிறாள். அங்கே ஒரு நாள் துணிக்கடையில் திடீரென்று உலகத்தின் ஓசைகளெல்லாம் அடங்கி விடுகின்றன. அவள் பேசுவது ஒருவர் காதிலும் விழவில்லை. அவளை யாரும் பார்ப்பதுமில்லை. (நாற்பது பிள்ளைகள் முன் நின்று ஒரு மணி நேரம் பேசும் உபாத்தியாயர்களுக்கு இந்த அநுபவம் முற்றிலும் புதிதன்று.) கத்திக்குப் பயந்தால் ஓடலாம், கதவைத் தாழிடலாம். கூப்பிட்டும் கேளாத உலகத்திடமிருந்து எங்கே ஓடுவது? காண்டேஸ் ஹில்லிகாஸின் அகன்ற விழிகளும், ஜீன் மூரின் ஆர்கன் ஒலியும் இந்தக் கேள்வியை நம் மேல் ஏற்றி விடுகின்றன. ஒரு துளி ரத்தமும் சிந்தவில்லை. துணை நடிகர்களில் சிலர் மரமாய் நிற்கிறார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. முடிவைச் சொல்லி ரஸத்தைக் கெடுக்கவும் நாம் விரும்பவில்லை.

படம் வெளியானபோது கவனித்தவர்கள் சிலரே. விநியோகஸ்தர்களின் கம்பெனி முறிந்தது; பிரதிகளில் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்காமல் விட்டதால், அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகி விட்டது. பிறகு டெலிவிஷன் நிலையங்கள் நடுநிசியில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. அப்படித்தான் அதற்கு ரஸிகர்கள் சேர்ந்தார்கள். 1989-ல் மறுபடியும் தியேட்டர்களுக்கு வந்தபோது பத்திரிகைகள் புகழ்ந்தன. ஹார்வி அதைக் கண்டு மகிழ்ந்தார், 1996-ல் காலமானார். ஆனால் இடையில் இன்னொரு முழு நீளக் கதைப் படம் எடுக்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. போதனைப் படங்களுக்கே திரும்பிப் போனார். அவர் படம் பிடித்த ஸால்டேர் மண்டபம் 1970-ல் எரிந்து போயிற்று.