சில்லு மாறலாம், சொல் மாறலாமா?

புதுப் பொருளொன்று சந்தைக்கு வருமுன்பே அதைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. இன்று நம் விடுதி அறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அடிபடும் பேச்சு, அடுத்து வரப்போகும் மேசைக் கணினியைப் பற்றியது. அது எந்தச் சில்லைத் தாங்கி வரும்? எவ்வளவு வேகம் இருக்கும்? என்ன விலை சொல்வார்கள்? நம் நாட்டுச் சில்லு மேசைக்கு வருமா, வராதா? இப்படி ஊகங்கள் பல. ஊகிப்பது இளைஞரின் உரிமை. அதைக் குறைகூற நான் வரவில்லை. நானும் ஊகிக்கத்தான் போகிறேன். ஆனால் வேகத்தையும் விலையையும் கேட்கின்ற நண்பர்கள் மூன்றாவதாக ஒரு கேள்வியைக் கேட்க மறக்கிறார்களே என்பதுதான் என் கவலை. இன்று நாம் எழுதி வைத்திருப்பது நாளைய கணினியில் உயிரோடு இருக்குமா? அதுவே முதற்கேள்வி என்பது என் துணிபு.

சில்லு என்பது யாது? கணினியின் மூளை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். மூளை என்பதைவிட, ஒரே ஒரு மொழி மட்டும் அறிந்த வேலையாள் என்பது பொருந்தும். 'இந்த எண்ணை எடு. அந்த எண்ணோடு கூட்டு. அங்கே வை' என்பன போன்ற சிறு சிறு கட்டளைகளின் தொகுதியே அவனுடைய தாய்மொழி. சில்லு வகை வேறானால் அந்த மொழியும் வேறு. நாம் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் பெரும்பகுதி, ஏதேனும் ஒரு சில்லின் மொழியில் பெயர்த்து முடிக்கப்பட்ட நூல். மூலநிரல் என்பதோ ஆசிரியர் தம் கைப்பட எழுதிய முதற்படி. மூலம் கையில் இருந்தால் எந்தச் சில்லின் மொழிக்கும் மீண்டும் பெயர்த்துக் கொள்ளலாம். மூலம் எங்கோ பூட்டிக் கிடக்க, பெயர்ப்பு மட்டும் நம்மிடம் இருந்தால், சில்லு மாறிய அன்றே நாம் பிறர் வாசலில் நிற்க வேண்டியவர்களாகிறோம்.

சாலைக் கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு இதற்கு உவமை தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய தெரு இது. பிழைப்புத் தேடித் தெற்குச் சீமையிலிருந்து வந்த எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் மலையாளத்தாரோடு தோள் சேர்த்து வாணிகம் செய்யும் தெரு. இங்கே ஒரு காலத்தில் கணக்கு சக்கரத்தில் நடந்தது. 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நாடு விடுதலை பெற்றபின் சக்கரம் போய் அணா நிலைத்தது. 1957 ஏப்ரலில் அணாவும் போய் நயா பைசா வந்தது. நாணயம் இப்படி மாறி மாறி வந்தும் கடைகள் மூடவில்லை. ஏன்? பேரேடு கடைக்காரர் கையில் இருந்தது. மாற்று வாய்பாடு ஊரறிந்ததாக இருந்தது. பேரேடு வேறொருவர் பெட்டியிலும் வாய்பாடு அவர் நெஞ்சிலும் இருந்திருந்தால், சாலையின் கதி என்னவாகியிருக்கும்?

இனி உலகத்தைப் பார்ப்போம். சில்லு மாற்றத்தைத் திட்டமிட்டு மும்முறை நடத்திக் காட்டிய நிறுவனம் ஆப்பிள். 1994இல் மோட்டரோலா 68000 வரிசையை விட்டுப் பவர்பிசிக்குப் போனது. 2006இல் பவர்பிசியை விட்டு இன்டெலுக்குப் போனது. 2020இல் இன்டெலை விட்டுத் தானே வடிவமைத்த எம்1 சில்லுக்கு வந்தது. 2023இல் மேக் ப்ரோ என்னும் பெரிய மேசைக் கணினியும் மாறியதோடு அந்தப் பயணம் நிறைவெய்தியது. ஒவ்வொரு முறையும் அந்நிறுவனம் ஒரு துபாஷியை அமர்த்தியது. அதாவது, பழைய சில்லின் மொழியைப் புதிய சில்லுக்கு உடனுக்குடன் பெயர்த்துச் சொல்லும் மென்பொருள். 2006இல் வந்த துபாஷியின் பெயர் ரொசெட்டா. 2011இல் வந்த இயக்குதளத்தில் அதற்கு இடமில்லை. 2020இல் ரொசெட்டா 2 வந்தது. 2025 ஜூனில் அறிவிப்பும் வந்தது: இன்டெல் சில்லுள்ள மேக்குகளுக்கு 'டாஹோ' பதிப்பே கடைசிப் பெரும்பதிப்பு, அதற்கடுத்த பதிப்பு வரையில்தான் துபாஷிக்கு முழுப் பணி, பின்னர்ச் சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டுமே.

இதைச் சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. எத்தனை காலம் ஒருவர் பழைய சரக்கைச் சுமப்பார்? வணிகத்தின் இயல்பு அது. நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. துபாஷி நிரந்தர ஊழியர் அல்லர். அவர் விடைபெறும் முன் மூலத்தை மீண்டும் பெயர்த்துக் கொண்டவர் பிழைத்தார். மூலம் இல்லாதவர் பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அழுகை என்பது வெறும் அணி அன்று. இயற்பியல் முதுநிலை பயிலும் எனக்கு அது பட்டறிவு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளவைக் கருவி ஒன்று இருக்கிறது. கருவியின் உடலில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதை இயக்கும் மென்பொருள் ஒரே ஒரு பழைய மேசைக் கணினியில்தான் ஓடும். அது எழுதித் தரும் கோப்பின் வடிவமும் விற்றவர் மட்டுமே அறிந்த இரகசியம். சென்ற பருவத்தில் அந்தக் கணினியின் தாய்ப்பலகை பழுதுற்றது. விற்றவரைக் கேட்டால் புதிய மென்பொருளுக்குப் புதிய விலை. அவ்விலைக்கு வேறு ஒரு சிறு கருவியே வாங்கிவிடலாம்! பழைய பலகை ஒன்று எங்கிருந்தோ கிடைக்கும் வரை மூன்று வாரம் கருவி உறையிட்டுக் கிடந்தது. நான்கு மாதப் பருவத்தில் மூன்று வாரம் என்பது ஒரு மாணவனுக்குச் சிறிய இழப்பா? அறிவியல் கருவி உடைந்து நின்றால் விதி என்று பொறுக்கலாம். மொழி தெரியாமல் நின்றால் எப்படிப் பொறுப்பது?

இந்தப் பின்னணியில் நம் ஊர்ச் செய்திக்கு வருகிறேன். சாலையிலிருந்து நகரப் பேருந்தில் எட்டிவிடும் தொலைவில், வெள்ளயம்பலத்தில், சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையம் இருக்கிறது. அங்கேதான் 'வேகா' என்னும் சில்லு வரிசை வடிவமைக்கப்பட்டது. வேகா என்பது நாம் அபிஜித்து என்று சொல்லும் விண்மீன். அவ்வரிசையின் தேஜஸ்32 மலேசியாவில் உள்ள சில்டெரா ஆலையில் வார்க்கப்பட்டது. தேஜஸ்64 நம் நாட்டிலேயே, மொகாலியில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் வார்க்கப்பட்டது. 2025 டிசம்பரில் துருவ்64 அறிவிக்கப்பட்டது: 64 பிட், இரண்டு உள்ளகங்கள், 1 கிகாஹெர்ட்ஸ் வேகம். தனுஷ்64, தனுஷ்64+ என்னும் அடுத்த சில்லுகள் உருவாகி வருவதாகவும் அப்போதே சொன்னார்கள்.

இச்சில்லுகளின் சிறப்பு, உள்நாட்டில் பிறந்தவை என்பது மட்டுமன்று. அவை பேசும் மொழி ரிஸ்க்-ஃபைவ். 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய இம்மொழியின் இலக்கணம் உலகுக்குத் திறந்து வைக்கப்பட்டது. இதைப் பேசும் சில்லை யாரும் உரிமத்தொகை கட்டாமல் வடிக்கலாம். சென்னை ஐஐடியில் 2018இல் முதன்முதலாக வார்த்து வந்த 'சக்தி' சில்லுக்கும் இதுவே மொழி. 2022இல் மத்திய அரசு இதற்கெனவே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் தாய்மொழியாக இல்லாமல் ஒரு பொதுமொழியாக இருப்பதுதான் இதன் பெருமை. வாய்பாடு ஊரறிந்ததாயிற்று!

சரி, இது நம் மேசைக்கு எப்போது வரும்? என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன். துருவ்64 அப்படியே மேசைக் கணினியின் நெஞ்சில் அமரப் போவதில்லை. இன்றைய மேசைச் சில்லுகள் 4, 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், பல உள்ளகங்களோடு ஓடுகின்றன. ஆகவே தொலைத்தொடர்புப் பெட்டியிலும் வாகனத்திலும் ஆலை இயந்திரத்திலும் அது முதலில் குடியேறும். அடுத்து ஆய்வுக்கூடக் கருவிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்கடுத்துக் கடையில் விலைச்சீட்டு அடிக்கும் பெட்டி, பள்ளிக் கணினி. அலுவலக மேசைக்கு வருவது தனுஷுக்கோ அதன் தம்பிக்கோ வாய்க்கும் பேறாக இருக்கலாம்.

"இவ்வளவு மெதுவான சில்லை வைத்து என்ன சாதிப்பது?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2012இல் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதன் வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். உள்ளகம் ஒன்றே ஒன்று. அதில்தான் உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகள் நிரல் எழுதக் கற்றார்கள். பெட்டி எளியதாக இருந்தது. ஆனால் அதற்கென மென்பொருள் ஆயத்தமாக இருந்தது. வெற்றியின் இரகசியம் அதுதான்.

வேறு சிலர், "சில்லு நம்முடையதாகிவிட்டால் போதும், மற்றவை தானே வரும்" என்கிறார்கள். இதையும் நான் ஏற்கவில்லை. கெல்ட்ரான் 1973இல் தோன்றியது. அந்நிறுவனமும் கூட்டாளிகளும் சேர்ந்து 2019இல் கோகோனிக்ஸ் என்னும் மடிக்கணினியை இங்கே மண்விளையில் உருவாக்கினார்கள். பெட்டி கேரளத்தது, சில்லு இன்டெலுடையது. அதில் தவறில்லை, ஏணியில் அது ஒரு படி. சில்லும் நம்முடையதாவது அடுத்த படி. ஆனால் பெட்டியும் சில்லும் நம்முடையவையாகி, அதில் ஓடும் மென்பொருளின் மூலம் மட்டும் பூட்டிக் கிடந்தால், வீடு நமது, சாவி பிறரது என்றாகிவிடாதா?

இந்த இடத்தில் கேரளத்தை நாம் வாயார வாழ்த்த வேண்டும். 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டமும், பின்னர் அதிலிருந்து வளர்ந்த 'கைட்' நிறுவனமும், இம்மாநிலப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளில் பழக்கிவிட்டன. தமிழ்வழிப் பள்ளிகளில் பயிலும் நம் தம்பி தங்கையரும் குனு/லினக்ஸ் கணினியில்தான் விரல் பதிக்கிறார்கள். அவற்றின் மூலநிரல் திறந்து கிடக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, ரிஸ்க்-ஃபைவ் சில்லை முறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டது. எனவே, நாளை நாட்டுச் சில்லோடு பள்ளிக் கணினி வருமானால், அதற்கு ஆயத்தமான வகுப்பறை நம் ஊரிலேயே இருக்கிறது.

நம் தமிழ் ஆயத்தமா? அதுதான் என்னை உறுத்துகிறது. எழுத்துக்கும் இதே கதைதான். யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடமுண்டு. ஆனால் அச்சகத்துக்கு ஓர் எழுத்துரு, அலுவலகத்துக்கு ஓர் எழுத்துரு என்று நாம் நெடுங்காலம் சிதறிக் கிடந்தோம். ஓர் எழுத்துருவில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் 'க' இருந்த இடத்தில் எவருக்கும் விளங்காத குறி ஒன்று நிற்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு ஒழுங்குக்கு வழிகண்டது. 2010இல் தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்றது. ஆயினும் அதற்கு முன் தட்டிய பக்கங்கள் இன்னும் பழைய உருவிலேயே உறங்குகின்றன.

மலையாள நண்பர்களும் இந்தத் துன்பத்தை அறிவர். நாம் கணினியின் சிப்பைச் சில்லு என்கிறோம்; அவர்களுக்குச் சில்லு என்பது உயிர் ஏறாத சில மெய்களின் தனி வடிவம். அந்தச் சில்லெழுத்துகளுக்கு 2008இல்தான் யூனிகோடில் தனிக்குறிகள் கிடைத்தன. முன்னர் வேறு வகையாகப் பதிந்தார்கள். அதனால் ஒரே சொல் இரண்டு வடிவில் கிடக்கிறது. தேடினால் ஒன்று அகப்படும், மற்றது ஒளிந்துகொள்ளும். அவர்கள் சில்லிலும் சிக்கல், நம் சில்லிலும் சிக்கல்! மருந்து இருவர்க்கும் ஒன்றே: குறியீடு பொதுவாக இருக்கட்டும், மூலம் திறந்திருக்கட்டும்.

ஆகவே நம் தமிழ் மன்றத்தார்க்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, நம் மன்றத்தின் பழைய மலர்களில் கணினியில் கோத்தவற்றை யூனிகோடுக்கு மாற்றுவோம். ஆளுக்குப் பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்த்தால் ஒரு விடுமுறையில் முடியும் வேலை. நமக்கு முன் இங்கே பயின்றோரின் சொல், ஒரு பழைய எழுத்துருவோடு மாளவேண்டுமா?

இரண்டாவது, நிரல் எழுதத் தெரிந்த நண்பர்கள் தமிழ்த் தட்டச்சுக் கருவிகளையும் எழுத்துப்பிழை திருத்திகளையும் ரிஸ்க்-ஃபைவ் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சில்லு கையில் இல்லை என்று தயங்க வேண்டாம். அச்சில்லைப் போலவே நடிக்கும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. எது ஓடுகிறது, எது தடுக்குகிறது என்று ஒரு பட்டியல் போட்டாலே பெரும்பணி.

மூன்றாவது, பல்கலைக்கழகம் இனிக் கருவியோ கணினியோ வாங்கும்போது ஒரே ஒரு நிபந்தனையை எழுத்தில் பெறட்டும். மூலநிரலைத் தர மனமில்லாதவர், தம் கோப்பின் வடிவத்தையாவது வெளிப்படையாக எழுதித் தரவேண்டும். அளந்தவன் நான்; அளவும் எனக்கே உரியது. இதைக் கேட்பது பேராசை ஆகாது.

நண்பர்களே! அடுத்த ஆண்டு வரும் சில்லை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கடுத்து வருவது அதையும் தள்ளிவிட்டு வரும் என்பது மட்டும் உறுதி. மாறிக்கொண்டே இருப்பது இயந்திரத்தின் குணம். மாறாமல் காக்கவேண்டியது நாம் எழுதிய சொல்லும் நாம் அளந்த எண்ணும். வரப்போகும் பெட்டியின் வேகத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இந்தக் காவலுக்குக் கொடுப்போம். எந்தச் சில்லு வந்தாலும், 'வா' என்று தமிழில் வரவேற்கும் துணிவு அப்போது நமக்கு இருக்கும்.