உறுதியில்லாக் காணியில் எழும்பும் இணைய மாளிகைகள்

சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது இளைஞர் இருவர் என் வாசலில் காத்திருந்தனர். கையில் அழைப்பிதழ். பொத்துவிலுக்கென ஒரு செய்தி இணையத்தளம் ஆரம்பிக்கின்றார்களாம். பிரதம அதிதி ஓர் அரசியல்வாதி. கௌரவ அதிதிகள் அறுவர். பொன்னாடை பெறுவோர் பதினொருவர். அப்பதினொருவரில் அடியேனும் ஒருவன்!

"மிக்க சந்தோசம் தம்பிமாரே. தளத்தின் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கு?" என்று கேட்டேன்.

"டிசைன் பண்ணினவர் எல்லாம் பார்த்துக்கிட்டார் சேர்."

"வழங்கியின் கடவுச்சொல் யாரிடம்?"

"அதுவும் அவர்ட்டத்தான் சேர்."

"எழுதினவற்றின் பிரதி?"

"பேஸ்புக்கிலயும் போடுவம் சேர். அங்க இருக்குந்தானே?"

இருக்கும் என்ற இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

அம்பாறை மாவட்டத்துக் கரையோர மக்களுக்குக் காணி உறுதியின் பெறுமதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாட்டனார் காடு வெட்டிய நிலமாயினும் தாளில்லை என்றால் தலைமுறையாய் அலைய வேண்டும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் நாம். ஒரு பேர்ச் காணி வாங்குவதற்கு முப்பது வருடத்து உறுதிகளைத் தோண்டி எடுத்துச் சட்டத்தரணியிடம் காட்டுகின்ற நாம், நமது எழுத்தையும் செய்தியையும் வரலாற்றையும் மட்டும், யாருடைய பெயரில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு வளவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். இது அறியாமை அல்ல, அலட்சியம். நமது எழுத்துக்கு நாமே மதிப்பளிக்கவில்லை என்பதன் சாட்சியம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. ஏனெனில் இதே அலட்சியத்தால் இரண்டு தடவைகள் இழந்தவன் நான்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது, இலங்கையிலேயே அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது எமது மாவட்டம்தான். 10,000 க்கும் மேற்பட்டோர். அந்த மரணங்களின் முன்னே ஒரு பத்திரிகையாளனின் பழைய தாள்கள் பெரிய விடயமல்ல. ஆயினும் பிரதேச நிருபராய் நான் எழுதிய செய்திகளும் கட்டுரைகளும் நறுக்கி ஒட்டிய ஏழு கொப்பிகள் அன்று சேறாயின. எஞ்சியது, உயரமான பரணில் இருந்த ஒரு பெட்டி மட்டுமே.

அந்தப் பெட்டியில் இருந்தவற்றை 2006 இல் தட்டச்சுச் செய்து இணையத்தில் ஏற்றினேன். இலவசமாய் இடந்தந்த ஒரு வெளிநாட்டுச் சேவை. தொலைபேசிக் கம்பி வழியே வந்த இணைப்பு. ஒரு கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கு அழைப்பு வந்தால் இணைப்பு அறுந்துவிடும், மீண்டும் முதலிலிருந்து. எழுத்துருவோ பாமினி. அதில் தட்டச்சுச் செய்தால் கணினிக்குள் உண்மையில் பதிவது ஆங்கில எழுத்துக்களே. அந்த எழுத்துரு இல்லாதவர் பார்த்தால் கிறுக்கலாய்த் தெரியும். தேடுபொறியில் தேடினாலோ தமிழென்று ஒன்றும் அகப்படாது. அப்படியும் ஏற்றினேன். சில ஆண்டுகளில் அச்சேவையை மூடினார்கள். அறிவித்தல் அனுப்பியிருந்தார்கள், நான் திறந்து பார்க்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு!

இரண்டாம் முறை காசு கொடுத்தேன். தளம் அமைத்துத் தந்தவர் ஆள்களப் பெயரைத் தமது பெயரிலேயே பதிவு செய்திருந்தார். அவர் வெளிநாடு சென்றார், புதுப்பிக்கும் காலம் வந்தது, எவரும் புதுப்பிக்கவில்லை. ஒரு '.காம்' பெயர் காலாவதியானால், விற்ற நிறுவனம் தரும் சலுகைக் காலம் கழிந்து, மீட்பதற்கு 30 நாட்கள், பின்னர் 5 நாட்கள்; அதன்பின் உலகில் எவரும் அதனை வாங்கலாம். வாங்கினார்கள். நோன்புப் பெருநாள் பற்றிய என் கட்டுரை இருந்த முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் மின்னுகிறது. யாரை நோவது? உறுதியைக் கேட்காமல் காசு கொடுத்தவன் நான்.

பொத்துவில்காரனுக்குத் தெரியாத தொழில், அதனால் ஏமாந்தான் என்று கொள்ள வேண்டாம். 1999 இல் யாஹூ நிறுவனம் 350 கோடி டொலருக்கும் மேலான பெறுமதியில் வாங்கிய ஜியோசிட்டீஸ், 2009 ஒக்டோபர் 26 இல் மூடப்பட்டது. கோடிக்கணக்கான தனிநபர் பக்கங்கள் அங்கே இருந்தன. அவற்றில் ஒரு பகுதியேனும் தப்பியது, ஆர்க்கைவ் டீம் என்ற தொண்டர் குழுவினர் இரவு பகலாய்ப் பிரதி எடுத்ததனால். மைஸ்பேஸ் நிறுவனம் வழங்கி மாற்றும்போது, பல ஆண்டுகளாய் மக்கள் ஏற்றிவைத்த பாடல்களும் படங்களும் தொலைந்தன என்று 2019 இல் ஒப்புக்கொண்டது. 2021 மார்ச் 10 இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் எரிந்தபோது இலட்சக்கணக்கான தளங்கள் ஒரே இரவில் அணைந்தன. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். மற்றவர்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்! நமது அரசாங்கத்தின் கதையையே பாருங்கள். 2023 இல் இலங்கை அரசாங்க மேகக் கணிமை மீது நடந்த தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க இயலாது அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. காரணம், அக்காலப் பகுதிக்கு வேறாகப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. நாட்டை ஆள்பவர்களே இப்படி என்றால்...

பழைய முறையில் ஒரு நன்மை இருந்தது. பதிவேற்றும் மென்பொருளைத் திறந்தால் திரை இரண்டாய்ப் பிரியும். இடப்பக்கம் உங்கள் கணினி. வலப்பக்கம் எங்கோ தூரத்து வழங்கி. இடத்திலிருந்து வலத்திற்குக் கோப்பை இழுத்துவிட்டால் அது போய்ச்சேரும். ஆனால் இடப்பக்கத்திலும் அப்படியே இருக்கும். பதிவேற்றம் என்பது அனுப்பிவிடுவதன்று, பிரதி செய்வது என்பதை அத்திரையே நமக்குக் கற்பித்தது. இன்றோ வேர்ட்பிரஸ் என்றும் பேஸ்புக் என்றும் உலாவியில் நேரடியாய் எழுதுகிறோம். எழுத்து பிறப்பதே பிறர் வீட்டில். இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமற் போயிற்று!

"வாசகர் எல்லாரும் பேஸ்புக்கில்தானே இருக்கிறார்கள், தனித் தளம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. வாசகர் சந்தையில் இருக்கிறார்கள் என்பதற்காக எவரும் சந்தையிலேயே குடியிருப்பதில்லை. சரக்கைச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். களஞ்சியத்தை வீட்டில் வையுங்கள். மேலும் ஞாபகமிருக்கிறதா? 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் நமது சகோதரர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் முடக்கியது. 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் முடக்கியது. வதந்தியைத் தடுக்கவென்று சொன்னார்கள். வதந்தியோடு சேர்ந்து, பேஸ்புக்கை மட்டுமே நம்பியிருந்த ஊர்ச் செய்தியாளனின் வாயும் அடைபட்டது.

தனித் தளத்தையும் முடக்கலாம் என்பது உண்மை. 2007 இல் தமிழ்நெட் இந்நாட்டில் தடுக்கப்பட்டது. 2011 இல் வேறு சில செய்தித் தளங்களும் தடுக்கப்பட்டன. ஆனால் தடுப்பது வேறு, அழிப்பது வேறு. பிரதி கையில் உள்ளவன் வேறு வழங்கிக்குப் போவான். தடை நீங்கும்வரை காத்திருப்பான். பிரதி இல்லாதவனுக்குத் தடையும் தேவையில்லை. ஒரு கடனட்டை காலாவதியானாலே போதும்.

காசு பற்றியும் முறையிடுகிறார்கள். ஒரு '.காம்' பெயருக்கு ஆண்டொன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய். அந்தத் தொடக்க விழாவின் பொன்னாடைகளிலும் பதாகைகளிலும் சிற்றுண்டியிலும் கரையப்போகும் காசில் பல ஆண்டுகளுக்குப் பெயரைப் புதுப்பிக்கலாம். விழா ஒரு நாள், வரலாறு அப்படியல்ல.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின என்று இன்றும் துயருறுகிறோம். துயருற வேண்டியதே. அந்தத் துயரத்தின் பின்னணி கொண்ட சமூகத்தில்தான் 2005 இல் நூலகம் திட்டம் பிறந்து, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடிப் பாதுகாத்து வருகிறது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. இவை எல்லாம் தொண்டர்கள் ஒவ்வொரு பக்கமாய்ச் செய்த வேலை. ஆனால் எதிரி கொளுத்தினால் கண்ணீர் விடுகின்ற நாம், நமது கவனயீனம் கொளுத்துவதைக் கவனிப்பதேயில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் கடந்த இருபது ஆண்டுகளில் தோன்றி மறைந்த ஊர்த் தளங்கள் எத்தனை! சுனாமி மீள்குடியேற்றத்தில் நடந்த அநியாயங்கள், பள்ளிவாசல் நிர்வாகத் தகராறுகள், ஜனாஸா அறிவித்தல்கள், நாட்டார் கவிகள் என்று அவற்றில் இருந்தவை எங்கே? நாளை ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய வந்தால் எதைக் காட்டுவோம்?

அவ்விளைஞர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஆள்களப் பெயரை உங்கள் பெயரில், நீங்கள் தினமும் திறக்கும் மின்னஞ்சலில் பதியுங்கள். கடவுச்சொல் இருவரிடமாவது இருக்கட்டும். ஒருங்குறியில் மட்டும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை முழுத் தளத்தையும் தரவிறக்கி, இரு வேறு வன்தட்டுகளில், இரு வேறு வீடுகளில் வையுங்கள். ஒன்று கடலுக்குத் தூரமாய் இருக்கட்டும். முக்கியமான பக்கங்களை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் சேமியுங்கள். ஆண்டு முடிவில் தொகுத்து ஒரு பிரதியை நூலகத்திற்கு அனுப்புங்கள்.

இளைஞர்கள் பொறுமையாய்க் கேட்டார்கள். போகும்போது, "விழாவுக்கு வருவீங்கதானே சேர்?" என்றார்கள்.

பொன்னாடை வேண்டாம் தம்பிமாரே. பெயர் உங்கள் பெயரில் பதிவான தாளைக் கொண்டுவந்து காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், முதல் கட்டுரையை நானே எழுதித் தருகிறேன். அதன் பிரதி ஒன்று என்னிடமும் இருக்கும்.